ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா? ரஞ்சியின் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலனின் வாழ்க்கை

பெங்களூரு: இன்றைய கர்நாடக கிரிக்கெட் அணி மைசூர் என்ற பெயரில் ரஞ்சி கோப்பையில் அடியெடுத்து வைத்த நாள் 1934 நவம்பர் 4. சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்ற அந்த ஆட்டமே ரஞ்சி வரலாற்றின் முதல் ஆட்டம். மைசூர் அணியின் தொடக்க வீரர் கர்ட்டிஸுக்கு, சென்னை மாகாண அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் போட்டியின் முதல் பந்தை வீசினார். அவர் மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். கிரிக்கெட் உலகம் அறிந்த பெயர் எம்.ஜே. கோபாலன்.

அந்தப் பந்தை வீசிய கை ஹாக்கி மட்டையையும் அதே திறமையுடன் பிடித்தது. அடுத்த ஆண்டே அவர் தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணியுடன் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1936-இல், இரு விளையாட்டுகளும் ஒரே நேரத்தில் அவரை அழைத்தன. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்கள். மறுபக்கம் இங்கிலாந்து செல்லும் இந்திய கிரிக்கெட் அணியில் இடம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் நாடு திரும்பியது. கிரிக்கெட் அணி ஒரு டெஸ்டிலும் வெல்லாமல் திரும்பியது. அந்த டெஸ்ட்கள் எதிலும் கோபாலனுக்கு ஆட வாய்ப்புக் கிட்டவில்லை.

ஒரு விளையாட்டை விட்டு மற்றொன்றைத் தேர்ந்த வீரர்களைப் பற்றி உலகெங்கும் எத்தனையோ கதைகள் உண்டு. இந்திய விளையாட்டு வரலாற்றில் அத்தகைய கதைகளுள் முதன்மையான ஒன்று கோபாலனுடையது.

திருவல்லிக்கேணி தந்த வீரர்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6-ஆம் தேதி பிறந்தவர் கோபாலன். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து திருவல்லிக்கேணியில் தங்கியது. அந்தப் பகுதியிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து செல்லும் தொலைவுதான். ஆனால் அக்காலத்தில் அந்தத் தொலைவைக் கடப்பது எளிதன்று. மைதானத்தைத் தன் வசம் வைத்திருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் ஐரோப்பியர்களால், ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் இந்திய இளைஞர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்களை அமைத்துக்கொண்டு ஆடினர்.

இந்த இரு உலகங்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்த களம், ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெற்ற மாகாண ஆட்டம். சென்னை கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சி பாபு நாயுடு வித்திட்ட அந்தப் போட்டியில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. சென்னையில் ஓர் இளைஞர் பெயரெடுக்க வேண்டுமானால் பொங்கல் ஆட்டத்தில் எடுக்க வேண்டும் என்பதே அன்றைய நிலை.

கோபாலனின் பந்துவீச்சை முதலில் அடையாளம் கண்டவர் ஐரோப்பியர் தரப்பைச் சேர்ந்த சி.பி. ஜான்ஸ்டோன். சென்னை கிரிக்கெட்டைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவரான அவர், பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தார். அந்நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலையும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆட இடமும் அவர் ஏற்பாடு செய்தார்.

கோபாலனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வேலை மிக முக்கியமானது. அன்று இந்தியாவில் கிரிக்கெட் ஆடினால் ஊதியம் கிடையாது, ஹாக்கிக்கும் கிடையாது. மன்னர்களின் ஆதரவு பெற்றவர்களும், வசதி படைத்த குடும்பங்களில் பிறந்தவர்களுமே கவலையின்றி ஆட முடிந்தது. நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு இருந்த ஒரே வழி, விளையாட விடுப்பு அளிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பெறுவது. பின்னாளில் வங்கிகளும் ரயில்வேயும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களைப் பணியில் அமர்த்திய வழக்கத்திற்குக் கோபாலன் பெற்ற வேலை ஒரு முன்னோடி எனலாம்.

மட்டையும் பந்தும்

கோபாலனை ஹாக்கிக்கு அழைத்து வந்தவர் ராபர்ட் சம்மர்ஹேய்ஸ். சென்னை ஹாக்கியில் அன்று முன்னணியில் இருந்த அவரது ஊக்கத்தால், கிரிக்கெட் வீரரான கோபாலன் ஹாக்கியிலும் மாகாண அளவுக்கு உயர்ந்தார்.

ஒருவரே இரு விளையாட்டுகளை ஆடுவது அன்று வியப்புக்குரியதல்ல. பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஆண்டு முழுவதும் நீளும் போட்டிகள் என்பவையெல்லாம் இல்லாத காலம் அது. கிரிக்கெட் பருவம் முடிந்தால் ஹாக்கி, அது முடிந்தால் மீண்டும் கிரிக்கெட் என்று ஒரே நண்பர் குழு சுற்றிச் சுற்றி ஆடியது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடத்திய அதே கிளப், ஹாக்கிப் போட்டிகளையும் நடத்தியது. ஆயினும் இரண்டிலும் நாட்டின் அணி வரை உயர்வது மிகச் சிலருக்கே வாய்த்தது.

சென்னையில் அந்தப் பெருமை கோபாலனுக்கு முன்பே ஒருவருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தது. புச்சி பாபுவின் மகனான கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். டென்னிஸிலிருந்து கிரிக்கெட்டின் உச்சத்திற்கு அவர் வந்த கதையும் 1936-இல் கோபாலனின் கதையுடன் வந்து இணைகிறது.

ஈடன் கார்டனில் ஒரே டெஸ்ட்

இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் தொடர் 1933-34 பருவத்தில் நடைபெற்றது. டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் டெஸ்ட் ஆடியது. மும்பையில் லாலா அமர்நாத் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார்.

1934 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் கோபாலன் இந்திய அணியில் இடம் பெற்றார். அணித்தலைவர் சி.கே. நாயுடு. முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, தில்வார் ஹுசைன் ஆகியோருக்கும் அதுவே முதல் டெஸ்ட். கோபாலன் முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11 ரன்னும், இரண்டாவது இன்னிங்ஸில் 7 ரன்னும் எடுத்தார். பந்துவீச்சில் 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட் வீழ்த்தினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில். அவரது வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய மைதானம். ஆண்டுக்கணக்கில் அவர் பந்துவீசிய ஆடுகளம். ஆனால் அணியில் அவர் பெயர் இல்லை. சென்னை நடத்திய முதல் டெஸ்டில் சென்னையின் முதன்மையான வேகப்பந்து வீச்சாளர் ஆடவில்லை. கொல்கத்தா டெஸ்டே அவரது முதலும் கடைசியுமான டெஸ்டாக அமைந்தது. அன்று அவருக்கு வயது 24. தனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எந்த வீரரும் நம்பக்கூடிய வயது.

மைசூருக்கு எதிரான ஒரு நாள்

இந்திய கிரிக்கெட்டின் முதல் நட்சத்திரமாகக் கருதப்படும் ரஞ்சித்சிங்ஜி 1933 ஏப்ரலில் மறைந்தார். மாகாணங்களுக்கு இடையே தேசிய அளவில் ஒரு போட்டி நடத்த வேண்டும் என்ற யோசனை 1934-இல் சிம்லாவில் நடந்த கிரிக்கெட் வாரியக் கூட்டத்தில் உருப்பெற்றது. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ரஞ்சியின் பெயரில் தங்கக் கோப்பை ஒன்றை வழங்க முன்வந்தார். விஜயநகரம் மகாராஜகுமாரோ வைஸ்ராய் வில்லிங்டனின் பெயரில் வேறொரு கோப்பையை முன்னிறுத்தினார். மன்னர்களுக்கு இடையிலான இந்தப் போட்டியில் இறுதியில் ரஞ்சியின் பெயரே நிலைத்தது.

போட்டியின் முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் வாய்த்தது. பெங்களூருவை மையமாகக் கொண்ட மைசூர் கிரிக்கெட் சங்கம் அப்போது தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கோபாலன் முதல் பந்தை வீசினார். ஆனால் அன்றைய நாயகன் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம் சிங். மைசூர் முதல் இன்னிங்ஸில் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 ரன் எடுத்தது. மைசூர் இரண்டாவது இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ராம் சிங் 35 ரன் கொடுத்து மொத்தம் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வென்றது. பல நாள் ஆட்டமாகத் திட்டமிடப்பட்ட ரஞ்சியின் முதல் போட்டி ஒரே நாளில் முடிந்துபோனது.

11 விக்கெட் வீழ்த்திய ராம் சிங் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அந்த வாய்ப்பு அவரது மகன்கள் கிருபால் சிங்குக்கும் மில்கா சிங்குக்கும்தான் கிடைத்தது. தேர்வு என்பது திறமையை மட்டும் பார்ப்பதில்லை என்பதற்குக் கோபாலனின் அணியிலேயே ஒரு சான்று இருந்தது.

அன்று ஒரே நாளில் தோற்ற மைசூர், பின்னர் கர்நாடகமாக வளர்ந்தது. 1973-74-இல் மும்பையின் நெடுங்கால ஆதிக்கத்தை முறியடித்து முதல் முறையாகக் கோப்பையை வென்ற அந்த அணி, 2014-15-க்குள் 8 முறை சாம்பியன் ஆனது. சென்னையும் தமிழ்நாடுமாக வென்றவை 1954-55, 1987-88 ஆகிய 2 கோப்பைகள் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

தியான் சந்துடன் ஒரு கடற்பயணம்

1935-இல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்குச் சுற்றுப்பயணம் சென்றது. 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் என இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்று உலகில் எதிரியற்று விளங்கிய அணி அது. தியான் சந்த் முதல் முறையாகத் தலைமை ஏற்றிருந்தார். அவருடைய தம்பி ரூப் சிங்கும் அணியில் இருந்தார். அந்த அணியில் கோபாலனுக்கும் இடம் கிடைத்தது.

பயணத்தின்போது இந்திய அணி மொத்தம் 48 ஆட்டங்களில் பங்கேற்றது. அவற்றுள் 28 நியூசிலாந்தில் நடந்தவை. எஞ்சியவை இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் நடந்தன. அத்தனை ஆட்டங்களிலும் இந்தியா வென்றது. அணி அடித்த கோல்கள் 584. வாங்கியவை வெறும் 40. தியான் சந்த் மட்டும் 43 ஆட்டங்களில் 201 கோல்களை அடித்தார். இத்தகைய அணியுடன் மாதக்கணக்கில் பயணம் செய்து திரும்பிய வீரருக்கு, அடுத்த ஒலிம்பிக்கில் தங்கம் எந்தப் பக்கம் போகும் என்பதை ஊகிப்பது கடினமாக இருந்திருக்காது. கோபாலன் எடுத்த முடிவின் கனத்தை உணர இந்த எண்களை நினைவில் கொள்வது அவசியம்.

சுவர் எழுப்பிய ரக்பி

விளையாட்டு மாறும் வீரர்களைப் பற்றிப் பேசும்போது உலகம் முதலில் சுட்டுவது ரக்பியை. அங்கே இரு விளையாட்டுகளுக்கு இடையே சட்டப்படியே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. வடக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த வீரர்கள், சனிக்கிழமை ஆடுவதால் இழக்கும் கூலிக்கு ஈடு கேட்டனர். விளையாட்டுக்குப் பணம் கூடாது என்று ரக்பி யூனியன் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குப் பகுதிக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அதுவே ரக்பி லீக்கின் தோற்றம். காலப்போக்கில் விதிகளும் மாறின. யூனியனில் அணிக்கு 15 பேர், லீக்கில் 13 பேர் என்றானது.

யூனியனை விட்டு லீக்கில் ஆடியவருக்கு மீண்டும் பழைய ஆட்டத்தில் இடமில்லை, வாழ்நாள் தடைதான். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ரக்பி வீரர் டாலி மெசஞ்சர் 1907-இல் லீக்கிற்கு மாறினார். அவரை அழைத்து வருவதில் பங்காற்றியவர்களுள் ஒருவர் கிரிக்கெட் மேதை விக்டர் டிரம்பர். மெசஞ்சரை யூனியன் வெளியேற்றியது; அவரது சாதனைக் குறிப்புகளும் நீக்கப்பட்டன. ரக்பி யூனியன் பணத்தை அனுமதித்து அந்தச் சுவரை இடித்தது 1995 ஆகஸ்டில்தான். பிளவு நேர்ந்து சரியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின்.

கோபாலனுக்கு முன் அப்படிப்பட்ட சுவர் எதுவும் இல்லை. கிரிக்கெட் ஆடியதற்காக ஹாக்கிச் சங்கம் அவரைத் தடை செய்யவில்லை. ஹாக்கி ஆடியதற்காகக் கிரிக்கெட் வாரியமும் முகம் சுளிக்கவில்லை. அவரைத் தடுத்தது நாட்காட்டி. சட்டம் எழுப்பிய சுவரைச் சட்டத்தால் இடிக்கலாம். ஒரே கோடைக்காலத்தை இரண்டாகப் பிளக்க யாராலும் இயலாது.

1936: இரண்டில் ஒன்று

கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஆட வேண்டியிருந்தது. பெர்லின் ஒலிம்பிக் ஆகஸ்டில். இரண்டையும் ஒருவரால் செய்ய இயலாது. ஹாக்கி தரப்பிலிருந்து வந்தது தேர்வு ஆட்டங்களுக்கான அழைப்பு. ஆடி நிரூபித்தால்தான் இடம். கிரிக்கெட் தரப்பிலோ சுற்றுப்பயண அணியில் இடமே காத்திருந்தது. இங்கிலாந்து சென்று ஆடுவது அன்றைய இந்திய கிரிக்கெட் வீரரின் வாழ்வில் ஒரு முறை வாய்த்தாலே பெரும்பேறு. இந்திய அணி அதற்கு முன்பு 1932-இல்தான் அங்கு முதல் டெஸ்ட் ஆடியிருந்தது. அவருக்கு வேலை கிடைத்ததும் கிரிக்கெட்டின் வழியேதான்.

கோபாலன் கிரிக்கெட் அணியுடன் கப்பலேறினார்.

அந்தச் சுற்றுப்பயணம் இந்திய கிரிக்கெட் வரலாற்றின் கசப்பான பக்கங்களுள் ஒன்று. ஆட்டத்திறனால் அன்றி, பதவியாலும் செல்வாக்காலும் தலைமைக்கு வந்தவர் விஜயநகரம் மகாராஜகுமார். அனுபவமும் புகழும் மிக்க சி.கே. நாயுடு அவருக்குக் கீழ் ஆட வேண்டியிருந்தது. அணி இரு பிரிவாகப் பிளந்தது. நல்ல ஆட்டத்திறனில் இருந்த லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

கோபாலனுக்கு வேறொரு தடையும் இருந்தது. முகமது நிசார், அமர் சிங் என்னும் இரு பெரும் வேகப்பந்து வீச்சாளர்கள் அணியில் இருந்தனர். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஜஹாங்கீர் கானும் சேர்ந்துகொண்டார். அமர் சிங் லங்காஷயர் லீகில் கோல்ன் கிளப்புக்காக ஊதியம் பெற்று ஆடிய தொழில்முறை வீரர். டெஸ்ட்களுக்காக அங்கிருந்து வந்தார். லார்ட்ஸ் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் அவர் 35 ரன் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார். இத்தகையோர் இருந்த வரிசையில் கோபாலனுக்கு இடம் திறக்கவில்லை. லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் என மூன்று டெஸ்ட்களும் அவர் இல்லாமலே நடந்து முடிந்தன.

சென்னையிலிருந்து சென்ற மற்றொரு வீரர் கோட்டா ராமசாமிக்கோ காலம் வேறு விதமாகத் திரும்பியது. 14 ஆண்டுகளுக்கு முன் டென்னிஸில் நாட்டுக்காக ஆடிய அவர், 40 வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடினார். 40, 60 என ரன் எடுத்தார். ஓவலில் 29 ரன்னும் ஆட்டமிழக்காமல் 41 ரன்னும் சேர்த்தார். இருவரும் ஒரே நகரத்தவர். இருவரும் இரு விளையாட்டுகளில் நாட்டின் அணியைத் தொட்டவர்கள். ஒருவருக்கு இரண்டாவது விளையாட்டு தாமதமாக வந்து கைகொடுத்தது. மற்றவருக்கு இரண்டும் ஒரே வேளையில் வந்து ஒன்றைப் பறித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 15

பெர்லினுக்குப் புறப்படும் முன் இந்திய ஹாக்கி அணியும் தடுமாறாமல் இல்லை. ஜூன் மாதம் டெல்லி அணியிடம் 1-4 எனத் தோற்றது. ஜெர்மனியில் இறங்கியதும் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியரிடமும் அதே கணக்கில் வீழ்ந்தது. நாட்டிலிருந்து தாரா என்ற வீரர் அவசரமாக வரவழைக்கப்பட்டார். அதன் பிறகு ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய நான்கு அணிகளை ஒரு கோல்கூட வாங்காமல் இந்தியா வென்றது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் 1936 ஆகஸ்ட் 15 அன்று நடைபெற்றது. ஜெர்மனியை 8-1 என வீழ்த்தித் தியான் சந்தின் அணி தொடர்ந்து மூன்றாவது தங்கத்தை வென்றது.

அதே ஆகஸ்ட் 15 அன்றுதான் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. இங்கிலாந்தின் வாலி ஹாமண்ட் அந்த இன்னிங்ஸில் 217 ரன் குவித்தார். இந்தியா அந்த டெஸ்டையும் தொடரையும் இழந்தது. அணியோடு பயணம் செய்த கோபாலன் ஆடும் பதினொருவரில் இல்லை. ஓராண்டுக்கு முன் தன்னோடு ஒரே கப்பலில் வந்த தோழர்கள் பெர்லினில் தங்கம் வென்ற நாளில், அவர் விரும்பித் தேர்ந்த விளையாட்டு அவரை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

இந்த இடத்தில் கோபாலனின் கதையை முடித்துவிடுபவர்கள் உண்டு. தவறான முடிவெடுத்த மனிதர் என்ற ஒரு வரிக்குள் அவரை அடைத்துவிடுவது எளிது. ஆனால் 1936-இன் தொடக்கத்தில் அவர் முன் இருந்தது தங்கமும் ஏமாற்றமும் அல்ல. ஒரு தேர்வு ஆட்டத்திற்கான அழைப்பும் ஓர் உறுதியான இடமும்தான். முடிவின் பலனை அறிந்த பின்னர் முடிவை எடைபோடுவது நியாயமாகாது. மேலும், அவர் தேர்ந்த கிரிக்கெட் அந்த ஒரு கோடையோடு முடிந்துவிடவும் இல்லை.

தொடர்ந்த ஆட்டம்

நாடு திரும்பிய கோபாலன் சென்னைக்காகத் தொடர்ந்து பந்துவீசினார். 1935-36-இல் சென்னை அணி ரஞ்சி இறுதி ஆட்டத்திற்கு முன்னேறி மும்பையிடம் தோற்றது. 1940-41-இல் மீண்டும் இறுதிக்கு வந்து மகாராஷ்டிரத்திடம் தோற்றது. தென்னிந்தியாவின் கிரிக்கெட், மும்பைக்கும் வடக்குக்கும் இணையாக எழுந்து நிற்க முயன்ற அந்த ஆண்டுகளில் சென்னையின் பந்துவீச்சுக்கு ராம் சிங்கும் கோபாலனும் இரு தூண்களாக விளங்கினர். 1950-களின் தொடக்கம் வரை நீண்ட முதல் தர வாழ்வில் கோபாலன் 190-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்வரிசையில் இறங்கி ரன் சேர்க்கவும் வல்லவராக இருந்தார்.

வயது நாற்பதைத் தொட்ட பின்னரும் வேகப்பந்து வீசியவர் என்பது அவரது உடலுறுதிக்குச் சான்று. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1950-களில் தேசிய அணியின் தேர்வுக் குழுவிலும் பணியாற்றினார். தேர்வாளர்களின் ஒரு முடிவு வீரரின் வாழ்வை எப்படித் திருப்பும் என்பதை அவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு. 24 வயதில் ஒரு டெஸ்ட் ஆடி அடுத்த டெஸ்டிலேயே இடமிழந்த ஒருவர், இப்போது பிறரின் பெயர்களை எழுதும் மேசையில் அமர்ந்தார்.

கடல் கடந்த கோப்பை

கோபாலனின் பெயரை அடுத்தடுத்த தலைமுறைகளுக்குக் கொண்டு சென்றது ஒரு கோப்பை. சென்னை அணிக்கும் அன்றைய சிலோன் அணிக்கும் இடையே 1952-53 பருவத்தில் எம்.ஜே. கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. சென்னையிலும் கொழும்பிலுமாக நடைபெற்ற இந்த ஆட்டம் 1970-கள் வரை நீடித்தது.

இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981-இல். முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரியில். அதற்கு முந்தைய காலத்தில் இலங்கை வீரர்களுக்கு முதல் தர ஆட்டம் ஆடும் வாய்ப்பு மிக அரிது. இங்கிலாந்தோ ஆஸ்திரேலியாவோ கப்பலில் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவதுண்டு. அந்த நிலையில் தொடர்ச்சியாக, சமமான எதிரியுடன், ஆண்டுதோறும் ஆடக் கிடைத்த களமாகக் கோபாலன் கோப்பை அமைந்தது. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் பல தலைமுறை வீரர்கள் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய கோப்பைக்காக மோதினர். நூறு டெஸ்ட் ஆடியவர்களுக்கும் எளிதில் வாய்க்காத பெருமை இது.

ஹாக்கிக்காக ஆடியிருந்தால் அவரிடம் ஒரு தங்கப் பதக்கம் இருந்திருக்கக்கூடும். பெர்லின் அணியில் இருந்த அனைவரின் பெயரையும் இன்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் ஹாக்கி அன்பர்களிலும் சிலரே. பதக்கம் பெருமை தரும். ஆயின் நினைவு வேறு வழியிலும் வந்து சேரும்.

இன்றைய வீரர்களுக்கு

இன்று பதின்ம வயதிலேயே ஒரு விளையாட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பெங்களூருவிலோ சென்னையிலோ காலையில் ஒரு பயிற்சி மையத்துக்கும் மாலையில் மற்றொன்றுக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர், விரைவில் எதை விடுவது என்ற கேள்வியைச் சந்திக்கின்றனர். ஆண்டு முழுவதும் நீளும் போட்டிகளும் தொழில்முறைப் பயிற்சியும் இரு விளையாட்டு வீரர் என்ற இனத்தையே அருகச் செய்துவிட்டன. அந்தக் கேள்விக்குக் கோபாலனின் வாழ்க்கை எளிய விடை எதையும் தருவதில்லை. எந்த விளையாட்டைத் தேர்ந்தாலும், தேர்ந்ததில் நீண்ட காலம் நிலைத்து உழைப்பது வீரரின் கையில். பரிசு எப்போது, எந்த வடிவில் வரும் என்பது அவர் கையில் இல்லை. அந்த வாழ்க்கை காட்டுவது இதைத்தான்.

2003 அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெய்ர் மறைந்தபோது, உயிருடன் இருந்த டெஸ்ட் வீரர்களுள் உலகிலேயே மூத்தவர் என்ற இடம் கோபாலனுக்கு வந்தது. அந்தப் பெருமை இரண்டு மாதம் கூட நீடிக்கவில்லை. 2003 டிசம்பர் 21 அன்று, 94-ஆம் வயதில், அவர் சென்னையில் காலமானார். சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக அவர் வீசிய பந்தில் தொடங்கிய ரஞ்சி கோப்பை, அதன் பின் பிறந்த எத்தனையோ மாநில அணிகளையும் சேர்த்துக்கொண்டு, இன்றும் நாடெங்கும் ஆடப்பட்டு வருகிறது.